டெஸ்டில் 3.04 மீட்டர், மேட்ச்சில் 2.87

வாலிபால் ஆடுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை வரும். அப்புறம்தான் கேள்வி: "எவ்வளவு உயரம்?" 174 சென்டிமீட்டர் என்றதும் முகத்தில் லேசாக ஒரு அனுதாபம் தெரியும். அந்த அனுதாபத்தோடே பல வருஷம் பந்தை ஓங்கி அடிக்கும் அட்டாக்கராகவும் பிறகு அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் செட்டராகவும் ஆடிவிட்டு, இப்போது இளைஞர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நோட்டும் டேப்புமாக அலைவதில் எனக்கு ஒரு பைத்தியமே உண்டு என்று பையன்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இத்தனை நாள் அளந்ததில், உடம்பும் மனசும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதை ஓரளவு கண்ணால் பார்க்க முடிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

உயரத்தை நான் குறித்துக்கொள்வதோடு சரி, அதை வைத்து யாரையும் எடுப்பதும் இல்லை, ஒதுக்குவதும் இல்லை. நெட்டுக்கு மேலே பந்தைத் தொடுவது கைதானே, தலை இல்லையே. எங்கள் அணியில் 181 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னால் ஒருவனுக்கு 2.32 மீட்டர் எட்டுகிறது, இன்னொருவனுக்கு 2.40. எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் தோளின் அகலத்திலும் கையின் நீளத்திலும் ஒளிந்திருக்கிறது. ஜம்ப்பில் எட்டு சென்டிமீட்டர் கூட்ட ஒரு சீசன் முழுக்க மூச்சு வாங்க வேண்டியிருக்கும். இவனுக்கு அது பிறவியிலேயே கிடைத்துவிட்டது.

ஆகவே நான் எடுப்பது மூன்று அளவு. நின்றபடி எட்டும் உயரம், ஓடிவந்து ஒரு கையால் எட்டும் உயரம், நெட் முன்னால் நின்ற இடத்திலிருந்து குதித்து இரண்டு கையாலும் எட்டும் உயரம். கடைசி இரண்டும் ஸ்பைக்குக்கும் (பந்தை ஓங்கி அடிப்பது) பிளாக்குக்கும் (எதிராளி அடிப்பதை நெட்டில் கை தூக்கித் தடுப்பது). விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு சுவரில் தொட்டால் போதும், கருவி எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நின்றபடி அளக்கும்போது பையன்கள் தோளை நைசாகக் கீழே இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசம், அதாவது ஜம்ப், பெரிதாகத் தெரியும். தோள் காதைத் தொடும் அளவுக்கு நீட்டச் சொல்லி, குதிகால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

சரி, உயரத்தில் பத்து சென்டிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்கள் நெட் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பந்தின் குறுக்களவு சுமார் 21 சென்டிமீட்டர், ஆக அதன் மையம் ஆண்கள் நெட்டைக் கடக்க 2.54 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நெட்டிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் நின்று, வளைவே இல்லாமல் நேர்க்கோட்டில் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.80 மீட்டரில் பந்தைத் தொட்டால் அது நெட்டை உரசிக்கொண்டு போய் ஒன்பது மீட்டரில், எதிர் அணியின் கடைசிக் கோட்டில் விழும். 2.90-இல் தொட்டால் ஆறரை மீட்டரிலேயே விழ வைக்கலாம். பத்தே சென்டிமீட்டரில் கோர்ட்டின் பின்பக்கம் இரண்டரை மீட்டர் அளவுக்குத் திறந்துகொள்கிறது. இன்னும் ஒரு பத்து ஏறி 3.00-க்குப் போனால் ஐந்து மீட்டர் சொச்சத்தில் விழும். இம்முறை லாபம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. நிஜத்தில் புவியீர்ப்பும் டாப்ஸ்பினும் பந்தைக் கீழே இழுப்பதால் இதைவிடத் தாழ்வாக அடித்தாலும் உள்ளே விழும். ஆனால் கணக்கின் சாரம் மாறாது. முதல் பத்து சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் கூலி அடுத்த பத்துக்குக் கிடைப்பதில்லை. குள்ளமானவர்கள் ஜம்ப்பில் கொஞ்சம் முன்னேறினாலே ஆட்டம் தலைகீழாக மாறுவதும், ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் அதே அளவு முன்னேறியும் பெரிதாக வித்தியாசம் தெரியாததும் இதனால்தான்.

அப்படியென்றால் உயரம் முக்கியம்தானே என்றால், முக்கியம்தான், மறுக்கவே இல்லை. ஆனால் உயரமானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஓர் அணி அமைத்த பிறகு, அந்த அணிக்குள் யார் நன்றாக ஆடுகிறார் என்பதை உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. வாசலிலேயே சலித்து எடுத்துவிட்டீர்கள், உள்ளே இருக்கும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதைப் புரிந்துகொள்ளாமல் "உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மனசுதான்" என்று மேடையில் முழங்குபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சம்பந்தம் இருக்கிறது. தேர்வில் அது தன் வேலையை முடித்துவிட்டதால் அப்புறம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பான் பெண்கள் அணியின் செட்டர் யோஷியே டகேஷிடாவின் உயரம் 159 சென்டிமீட்டர். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார். அதே லண்டனில் ஆண்கள் இறுதிப் போட்டி. ரஷ்யாவின் டிமித்ரி முசெர்ஸ்கிக்கு உயரம் 218 சென்டிமீட்டர். பிரேசிலிடம் ரஷ்யா இரண்டு செட் பின்தங்கியிருந்தது. மூன்றாவது செட்டில் பயிற்சியாளர் அவரை நடு பிளாக்கர் இடத்திலிருந்து வலது பக்க அட்டாக்கர் இடத்துக்கு மாற்றினார். பிரேசிலின் மேட்ச் பாயின்ட்களைத் தாண்டி அந்த செட்டை எடுத்து, கடைசியில் 3–2 என்று ரஷ்யா ஜெயித்தது. முசெர்ஸ்கி எடுத்தது 31 பாயின்ட். முதல் இரண்டு செட்டிலும் அவருக்கு அதே 218 சென்டிமீட்டர்தான். தன் வழக்கமான இடத்தை விட்டு, ஒலிம்பிக் இறுதியில், தோல்வியின் விளிம்பில், வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டு கையை முழுசாக வீசியதுதான் புதிது.

இனி தலைப்பில் இருக்கும் இரண்டு எண்களுக்கு வருகிறேன்.

நெட்டின் இரு ஓரத்திலும் நிற்கும் ஆன்டெனாவைக் கவனித்திருப்பீர்கள். அது நெட்டுக்கு மேலே 80 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் ஒவ்வொரு பட்டையும் சரியாகப் பத்து சென்டிமீட்டர். அதாவது ஒவ்வொரு மேட்ச்சிலும் மைதானத்தின் நடுவில் ஓர் அளவுகோலை நட்டு வைத்திருக்கிறார்கள், நாம்தான் அதைப் படிப்பதில்லை. போனை நெட்டின் நேர்க்கோட்டில், ஓரளவு நெட் உயரத்துக்கே தூக்கி வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். அந்த ஓரத்தில் அடிப்பவர் பந்தைத் தொடும் நொடியில் நிறுத்திப் பட்டைகளை எண்ணினால் தொட்ட உயரம் கிடைத்துவிடும். ஓரத்தில் அடிப்பவருக்கு ஆன்டெனா பக்கத்திலேயே இருப்பதால் கணக்குப் பெரிதாகப் பிசகாது. நடுவில் அடிப்பவருக்கு இந்த வித்தை பலிக்காது. போனைத் தரையில் வைத்து எடுத்தாலும் எண் பொய் சொல்லும்.

இடது பக்கம் அடிக்கும் ஒரு பையன். உயரம் 186, நின்றபடி எட்டுவது 2.42, ஓடிவந்து எட்டுவது 3.04. அணியிலேயே நல்ல எண். ஆனால் மேட்ச்சில் அவன் பந்தைத் தொட்டது சராசரியாக 2.87-இல். பதினேழு சென்டிமீட்டர் எங்கே போயிற்று? கொஞ்சம் குறைவது எல்லோருக்கும் சகஜம். சுவரைத் தொடுவது விரல் நுனி, பந்தை அடிப்பது உள்ளங்கை. லிஃப்ட்டும், அதாவது செட்டர் தூக்கிக் கொடுக்கும் பந்தும், எப்போதும் ஒரே இடத்துக்கு வருவதில்லை. ஆனால் வார்ம்-அப்பில், எதிரே பிளாக் இல்லாதபோது, இவனே 2.95-இல் அடித்துக்கொண்டிருந்தான். ஆக முழங்காலிலோ தொடையிலோ குறை இல்லை. வீடியோவை வரிசையாகப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. முதல் பிளாக் வாங்கும்வரை ஐந்தாவது பட்டைக்குப் பக்கத்திலேயே தொடுகிறான். ஒரு பந்து பிளாக்கில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்த பிறகு நான்காவது பட்டைக்கு இறங்குகிறான்.

கால்களைப் பார்த்தேன். ஓடிவரும்போது கடைசிக்கு முந்தின அடிதான் மிக நீளமாக இருக்க வேண்டும், முன்னோக்கிய வேகத்தை மேல்நோக்கித் திருப்புவது அதுதான். இவனுக்கு அந்த அடி சுருங்கியிருந்தது. கைகளும் இடுப்புக்குப் பின்னால் போகாமல் பாதியிலேயே திரும்பிவிடுகின்றன.

"கடைசி ரெண்டு ஸ்டெப்ல எதைப் பார்க்கிற?" என்று கேட்டேன்.

"பிளாக்கர் கையைத்தான் அண்ணா. எங்க ஓட்டை இருக்குன்னு பார்க்கணும்ல?"

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கிளம்பும் முன்பே கண் பிளாக்கர் கைக்குப் போய்விட்டால் கால் தயங்கும். அடிக்கலாமா, தட்டிவிடலாமா என்ற யோசனை மூளையில் ஓடும்போது கால் அதற்கான பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் பதினேழு சென்டிமீட்டரில் பெரும்பங்கு. பயம் என்று பொதுவாகச் சொல்வதை நான் இப்படி டேப்பில் பார்த்தது அப்போதுதான்.

அவனிடம் "தைரியமா அடி" என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. தைரியம் இல்லை என்று அவனுக்கே அறிவித்ததாகத்தான் ஆகும். நாங்கள் செய்தது வேறு. பயிற்சியில் ஓர் ஆட்டம் வைத்தோம். பந்து உள்ளே விழுந்ததா, வெளியே போனதா, பிளாக் ஆனதா என்பதற்கெல்லாம் பாயின்ட் கிடையாது. ஐந்தாவது பட்டைக்கு மேலே, அதாவது 2.93-க்கு மேலே தொட்டால் ஒரு பாயின்ட், அவ்வளவுதான். முதல் நாள் பந்துகள் கண்டபடி பறந்தன. பிளாக்கில் பட்டு விழுந்த பந்துக்கும் பாயின்ட் ஏறியபோது அவன் முகத்தில் ஒரு குழப்பச் சிரிப்பு. கூடவே கண்ணுக்கு ஒரு வரிசை வைத்தோம். ரிசீவ் (எதிர் அணியின் சர்வை எடுப்பது), செட்டர், பந்து. தரையை விட்டுக் கிளம்பும்வரை பந்தை விட்டுக் கண் நகரக் கூடாது. மேலே போன பிறகு பிளாக் தானாகவே ஓரக்கண்ணில் தெரியும், முடிவை அங்கே எடுத்தால் போதும். அடி சுருங்காமலிருக்க அவனே தனக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் பிடித்தான்: "நீளம்".

இதைவிட அதிகமாக உதவியது என்று நான் நினைப்பது இன்னொன்று, அதற்கும் அவனுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. அவன் அடிக்கும்போது சுற்றி மூன்று பேர் குனிந்து நின்று கவர் எடுக்க வேண்டும் என்பதைக் கறாராக்கினோம். பிளாக்கில் பட்ட பந்து தரையைத் தொடாமல் மறுபடி மேலே எழும்புவதை நாலு முறை பார்த்துவிட்டால், பிளாக் ஆவது ஒன்றும் உலகம் முடியும் விஷயமில்லை என்று உடம்புக்கே புரிந்துவிடுகிறது. தன்னம்பிக்கை தனியொருவன் மண்டைக்குள் இருக்கும் சரக்கு என்று நினைக்கிறோம். பாதி அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்களிடம் இருக்கிறது.

சர்வில் இதே கதை வேறு அளவில் நடக்கும். நடுவர் விசில் ஊதிய பிறகு எட்டு நொடிக்குள் அடிக்க வேண்டும் என்பது விதி. எட்டு நொடி என்பது நிதானமாக மூச்சுவிடத் தாராளமான நேரம், ஆனால் பெரும்பாலான இளைஞர்கள் விசில் வாயிலிருந்து எடுக்கப்படுவதற்குள் அடித்துவிடுவார்கள், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று. பந்தைத் தூக்கிப்போடும் உயரத்தைக் கவனியுங்கள். நின்றபடி ஃப்ளோட் சர்வ் (பந்து சுழலாமல் மிதந்து போவது) போட, கை எட்டும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். செட் முடியும் கட்டத்தில் 23–23 என்று ஸ்கோர் வந்ததும் அதே ஆள் அரை மீட்டர் கூடுதலாகத் தூக்கிப்போடுவார், பந்து முன்னும் பின்னும் அலையும், பிறகு அதைத் துரத்திக்கொண்டு அடி விழும். நான் ஆடிய காலத்தில் கடைப்பிடித்தது எளிமையானது. விசிலுக்கு முன்பே எந்த இடத்துக்குப் போடுவது என்று முடிவு செய்துவிடுவேன். விசில் கேட்டதும் பந்தை இரண்டு தட்டு, ஒரு நீண்ட மூச்சு வெளியே, பிறகு தூக்கிப்போடுதல். மூச்சை வெளியே விடும்போது தோள் இறங்கும், தோள் இறங்கினால் தூக்கிப்போடும் கை அமைதியாகும். வெளியிலிருந்து "சர்வை விட்டுடாதே!" என்று கத்துகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டால் புண்ணியம். எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ரிசீவுக்கு வந்தால் உயரம் கொஞ்சம் சுமையாகவே ஆகிவிடும். இடுப்பே தரையிலிருந்து உயரமாக இருக்கும் ஆளுக்குக் கீழே இறங்க நேரம் அதிகம் பிடிக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜம்ப் சர்வ், ரிசீவரிடம் வந்து சேர அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்காக உயரமானவர்களால் ரிசீவ் எடுக்க முடியாது என்று எழுதிவிடாதீர்கள். 188 சென்டிமீட்டர் கார்ச் கிராய் 1984-இலும் 1988-இலும் அமெரிக்க அணியோடு ஒலிம்பிக் தங்கம் வாங்கியது, உலகின் சிறந்த ரிசீவர்களில் ஒருவராக இருந்துதான். 1996-இல் பீச் வாலிபாலிலும் தங்கம். உயரமான ரிசீவரிடம் நான் கேட்பதெல்லாம் முன்கூட்டியே தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதுதான்.

ரிசீவில் மனநிலையைப் பார்க்க நான் கண்டுபிடித்த இடம் குதிகால். "என்கிட்ட வரக்கூடாது" என்று நினைக்கும் ஆளின் எடை குதிகாலுக்குப் போயிருக்கும். "வரட்டும்" என்று நிற்பவரின் குதிகால் தரையிலிருந்து ஒரு தாள் செருகும் அளவுக்கு எழும்பியிருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். இதற்கும் புத்திமதி வேலை செய்யாது, கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். சர்வ் போடுபவரின் கையில் பந்து இருக்கும்போதே அதன் மேல் பார்வையை நிறுத்தி, அது கையை விட்டுக் கிளம்பும் கணத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அனுபவசாலிகள் இப்படிப் பார்வையை முன்கூட்டியே ஓரிடத்தில் நிலைநிறுத்துவதை ஆய்வுகளும் சொல்கின்றன. கண்ணுக்கு வேலை இருக்கும்போது மனசுக்குப் புலம்ப நேரம் இருக்காது.

வளரும் வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் சுமார் பன்னிரண்டு வயதிலும் பையன்கள் சுமார் பதினான்கிலும் மிக வேகமாக வளர்வார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் இது இரண்டு வருஷம்கூட முன்பின் ஆகும். பதின்மூன்று வயதில் உயரமாக இருக்கிறான் என்று ஒருவனை நடு பிளாக்கராக்கிவிட்டால், பதினேழில் எல்லோரும் அவனைத் தாண்டிப் போன பிறகு ரிசீவும் தெரியாமல் லிஃப்ட்டும் தெரியாமல் நிற்பான். அந்த வயதில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வையுங்கள். திடீரென்று எகிறினால் அந்தக் காலகட்டத்தில் கை கால் சொன்ன பேச்சுக் கேட்காது, நேற்றுவரை சுலபமாக அடித்த பந்து தவறும். "சோம்பேறி ஆயிட்டான்" என்று திட்டு வாங்குவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். முழங்காலுக்குக் கீழே வலி என்றால் குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதை மனவலிமை என்று யாரும் கற்பிக்க வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரே வரி: நான் எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதில்லை. அதனால் யாரும் உயரமாகக் குதித்து நான் பார்த்ததில்லை, சாப்பாட்டைக் குறைத்துத் தளர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்டெனா அளவுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அதைப் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். தொட்ட உயரம் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம், சரி, அது காலா, மனசா? செட் செட்டாக வரைபடம் போட்டால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். முதல் செட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, டைம்-அவுட்டுக்குப் பிறகு சற்று ஏறி, மறுபடி சரிந்தால் அது களைப்பு. மருந்து ஜிம்மிலும் ஓய்விலும் இருக்கிறது. நன்றாக இருந்துவிட்டு 22–22-க்குப் பிறகு மட்டும் படியிறங்கினால், அடுத்த செட் தொடக்கத்தில் மறுபடி பழைய உயரத்துக்கே வந்தால், அது கால் இல்லை. அவரிடம் உட்கார்ந்து, அந்தப் பந்துகளில் எதைப் பார்த்தார், என்ன நினைத்தார் என்று கேட்க வேண்டும்.

ஒருவனுக்கு இரண்டாவது மாதிரியாகத்தான் வரைபடம் வந்தது. நெருக்கடியில் பயப்படுகிறான் என்று அணியே முடிவு கட்டியிருந்தது, அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான். வீடியோவில் அவனை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் பார்த்தோம். ஸ்கோர் நெருங்க நெருங்க எங்கள் செட்டர் லிஃப்ட்டை இரண்டு பட்டை தாழ்வாகக் கொடுத்துக்கொண்டிருந்தான், தவறிவிடக் கூடாதே என்று. அடிப்பவன் வந்த பந்தை வந்த இடத்திலேயே அடித்திருக்கிறான். அதன் பிறகு என் நோட்டில் அட்டாக்கர் பெயருக்குப் பக்கத்தில் செட்டருக்கும் ஒரு கட்டம் உண்டு, லிஃப்ட்டின் உச்சி எந்தப் பட்டை வரை போனது என்று எழுத.